பெர்க்‌ஷயர் மாளிகைகள்: யார் உழைப்பு, யார் பாரம்பரியம்?

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றி நாம் பேசினால் உடனே ஒரு கேள்வி வருகிறது: "இங்கே சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை, உங்களுக்கு எதற்கு வெள்ளைக்காரன் பங்களா?" நிலம் யார் கையில், அது எப்படி அங்கே போனது என்பதுதான் நம் அரசியலின் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நாட்டு எல்லை கிடையாது.

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதியை ஒட்டிய மாவட்டம் பெர்க்‌ஷயர். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்து வந்து எஸ்டேட் வாங்கியதால் இதற்கு 'ஆங்கிலேய இந்துஸ்தான்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

முதல் ஆள் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த பெரிய வைரத்தை ஏறத்தாழ 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717இல் அதைப் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். 1719இல் பெர்க்‌ஷயரில் ஸ்வாலோஃபீல்ட் எஸ்டேட் அவர் கைக்கு வந்தது. அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள். வைரம் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தோண்டியவர்? கொல்லூரில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 60,000 பேர் உழைத்ததாகப் பிரெஞ்சு வைர வியாபாரி தாவர்னியே எழுதி வைத்தார். அத்தனை பேரில் ஒருவர் பெயரைக்கூட எந்த மாளிகைச் சுவரிலும் காண முடியாது.

அடுத்தவர் ஃபிரான்சிஸ் சைக்ஸ். வங்காளத்தில் முர்ஷிதாபாத் தர்பாரில் கம்பெனியின் ரெசிடென்ட். பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பி, 1771இல் பாசில்டன் எஸ்டேட்டை வாங்கி, 1776இல் புது மாளிகை எழுப்பத் தொடங்கினார். அவர் எஸ்டேட் வாங்குவதற்கு முந்தைய ஆண்டுதான் வங்காளம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டதாக வாரன் ஹேஸ்டிங்ஸே எழுதினார். அவ்வளவு பிணங்கள் விழுந்த பிறகும் 1771இன் நிலவரி வசூல் 1768ஐ விட அதிகம் என்பதையும் அவரே எழுதினார். சைக்ஸ் பணம் சேர்த்தது இந்த வரி இயந்திரத்தின் உள்ளே இருந்துதான்.

இங்கிள்ஃபீல்ட் மாளிகையின் கதை வேறு. சென்னையில் 1744 வரை கவர்னராக இருந்த ரிச்சர்ட் பென்யன் அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. எஸ்டேட் குடும்பத்தின் விதவையை மணந்தார். அந்த உறவு வழியாக அது அவர் மகனுக்கு வந்தது. சென்னைச் செல்வம் மணவறையில் இடம் வாங்கித் தந்தது, மணவறை நிலத்தை வாங்கித் தந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரோடு அந்த எஸ்டேட் இன்றும் அதே வம்சத்தின் கையில்தான் இருக்கிறது. பரம்பரைச் சொத்தும் அகமணமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த மண்ணில் உழைத்த ஆங்கிலேயக் கூலிகளாவது வாழ்ந்தார்களா? 1795இல் இதே பெர்க்‌ஷயரின் ஸ்பீன்ஹாம்லேண்டில் கூடிய நீதிபதிகள், குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க மறுத்தார்கள். பதிலாக ரொட்டி விலையைப் பார்த்து ஊர்ப் பொது நிதியிலிருந்து கொஞ்சம் தரலாம் என்றார்கள். கூலியைக் கூட்ட வேண்டிய அவசியம் பண்ணைக்காரனுக்கு இல்லாமல் போனது. 1830இல் கதிரடிக்கும் எந்திரங்களை உடைத்துக் கூலிகள் கிளர்ந்தார்கள். கின்ட்பரியைச் சேர்ந்த வில்லியம் வின்டர்போர்ன் 1831 ஜனவரியில் ரெடிங் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தின் தென் மாவட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

2020இல் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் தன் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை வணிகத்தோடும் உள்ள தொடர்பை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. பாசில்டன் பார்க்கும் அந்த டிரஸ்டின் பராமரிப்பில் உள்ளதுதான். அறிக்கை வந்ததும், நாட்டின் பெருமையைக் கெடுக்கிறார்கள் என்று கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் பலர் கொதித்தார்கள். டிரஸ்ட் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று அறக்கட்டளை ஆணையம் 2021இல் சொல்ல வேண்டிவந்தது. வரவுசெலவைப் படித்துக் காட்டினாலே பெருமை கெடும் என்றால், அது என்ன பெருமை?

இங்கே கைதட்டும் தேசபக்தர்களிடமும் நமக்குக் கேள்வி உண்டு. "வெள்ளைக்காரன் நம்மைக் கொள்ளையடித்தான்" என்கிறீர்களே, அந்த 'நம்மை'யில் யார் யார் இருக்கிறோம்? பிட் கவர்னராக இருந்த 1707இல் சென்னையில் வலங்கை, இடங்கைச் சாதிகள் மோதின. எந்தத் தெரு யாருக்கு என்று கோடு கிழித்துக் கொடுத்தது பிட்டின் நிர்வாகம். கம்பெனி சாதியை ஒழிக்க வரவில்லை. சாதியோடு கணக்குத் தீர்த்துக்கொண்டு வணிகம் நடத்தியது. துபாஷிகளும் பெரு வணிகர்களும் அதில் பங்கு வாங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1833இன் அடிமை ஒழிப்புச் சட்டம் அடிமை முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தந்தது. அடிமைப்பட்ட மக்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்த இழப்பீட்டுக் கடனைப் பிரிட்டிஷ் மக்கள் 2015 வரை அடைத்தார்கள். அதே சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை வெளிப்படையாக விலக்கி வைத்தது. மிராசுதார்களின் வயலில் கட்டுண்டு கிடந்த பறையர், பள்ளர் அடிமைகளுக்கு அந்த விடுதலைகூட இல்லை. பத்தாண்டு கழித்து, 1843இன் 5ஆம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றது. நிலம் தரவில்லை. நிலம் இல்லாதவன் மறுநாள் காலையும் அதே ஆண்டையின் களத்தில்தான் நின்றான்.

ஆகவே இழப்பீடு பற்றிப் பேசுவோரிடம் நாம் கேட்பது இது. இழப்பீடு அரண்மனையிலிருந்து அரண்மனைக்குப் போகக் கூடாது. தோண்டியவர், உழுதவர், பசியில் செத்தவர் ஆகியோரின் சந்ததியைக் கேட்காமல் எந்தக் கணக்கும் தீராது. பெர்க்‌ஷயர் மாளிகைகளின் வாசலில் அவர்களைப் பற்றி எழுதுங்கள் என்போம். நம்மூர் ஜமீன் பங்களாக்களையும் மிராசு வீடுகளையும் பாரம்பரியம் என்று சுண்ணாம்பு அடிக்கும்போது, அங்கேயும் எழுதுங்கள் என்போம். பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்கும் வாய்தான் இதையும் கேட்கிறது.

மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை. அதன் பத்திரத்தை ஊர் நடுவில் வைத்து உரக்கப் படிக்கச் சொல்கிறோம்.

ஜெய் பீம்.