அப்பாவும் ஒரு பழைய ஃபைபர் போட்டும்

முனிர்காவில் மூணாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு போட் பற்றிக் கருத்து சொல்ல உனக்கென்னடா தகுதி என்று கேட்கலாம். நியாயம்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் கட்டுமரம் போனது. மறுவருஷம் நிவாரணத்தில் ஒரு ஃபைபர் போட் வந்தது. நான் இன்ஜினியரிங் முடித்தது அந்த போட்டின் வருமானத்தில்தான். இப்போது நாகப்பட்டினத்தில் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. அப்பா தானே சரிபண்ணப் போகிறாராம். "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாம், அண்ணன் பணம் அனுப்பட்டும்" என்கிறான் தம்பி.

நான் அப்பா கட்சி. பணம் அனுப்பிவிடுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். ஆனால் எங்கே தூக்கிப் போடுவது? ஃபைபர் மரம் மாதிரி மக்காது, எரித்தால் நச்சுப்புகை.

ஆனால் 'மேட் ஒட்டி ரெசின் பூசினா ஆச்சு' என்கிறாரே, அங்கேதான் எங்களுக்குச் சண்டை. விரிசலைச் சுற்றித் தேய்த்து, உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் ஒட்டவேண்டும். ஈரத்தில் ஒட்டினால் உரிந்துவிடும். அதைவிடப் பயம் இன்ஜின் மாட்டும் பின்பலகை. உள்ளே பிளைவுட். போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உளுத்திருந்தாலும் வெளியே தெரியாது. தட்டினால் மட்டும் சத்தம் மந்தமாக வரும். அது நடுக்கடலில் பிளந்தால்?

அப்புறம் அந்தத் தூசி. அத்தனையும் கண்ணாடி இழை! அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்கிறார், பக்கத்தில் தம்பி மகள் விளையாடுகிறாள். மாஸ்க் அனுப்பினேன். "மூச்சு முட்டுதுடா" என்று ஆணியில் மாட்டிவிட்டாராம்.

பொங்கலுக்குப் போகிறேன். பின்பலகையை நானே தட்டிப் பார்க்காமல் கடலில் இறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "வா பாப்போம்" என்றார்.