சப்பத் தண்ணியும் ரெண்டு கம்பியும்

போன மாசம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். கழுத்துல டை, கையில பெட்டி. ஒரு டம்ளரில் எங்க ஊர் போர் தண்ணி, இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. இரண்டிலும் கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்க தண்ணி சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது. அவருடையது பளிச்சென்று அப்படியே இருந்தது. "இதைத்தான் இத்தனை நாளா குடிச்சீங்களா?" என்றார். பெரியம்மா அரண்டுபோய் பெங்களூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட, அவன் அங்கிருந்தே பணத்தை அனுப்பிவிட்டான்.

அந்தப் பழுப்பு தண்ணியில் இருந்த அழுக்கு இல்லீங்க. கம்பியில் இருந்த இரும்பு! உப்புகள் கரைந்த தண்ணியில் கரண்ட் பாயும், இரும்பு கரைந்து துருவாகும். ஆர்.ஓ. தண்ணியில் உப்பு குறைவு, அதனால் கரண்ட் சரியாகப் பாயாது. அவர் டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

சப்பத் தண்ணியால் தொல்லை இல்லை என்று சொல்லவில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயிலில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். எல்லாம் கால்சியமும் மெக்னீசியமும் செய்கிற வேலை. அது விஷம் இல்லை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலை கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது. எங்க வீட்டில் பருப்புக்கு மட்டும் கூட்டுக்குடிநீர்த் தண்ணி. மழை பெய்தால் ஓட்டுத் தண்ணியைப் பிடித்துத் துணி துவைப்போம். வெந்நீர் அண்டாவில் படிகிற வெள்ளைக்குப் புளி போதும்.

மெஷின் வந்த பிறகு பெரியம்மா வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணிக்கு அதைவிட அதிகமாகக் கழிவு போகிறது. போர் தண்ணியைவிட உப்பு ஏறிய அந்தத் தண்ணி கருவேப்பிலைச் செடி மூட்டில் விழுகிறது. செடி கருகினால் அதற்கும் ஒரு மருந்து விற்க ஆள் வருவார்.

ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு மெஷின் அனுப்ப நினைக்கிற பிள்ளைகளே, முதலில் ஒரு பாட்டில் தண்ணியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்க. புளோரைடோ நைட்ரேட்டோ அளவுக்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்குங்க, நானே வந்து மாட்டித் தருகிறேன். விற்க வருகிற ஆள் கையில் இருக்கிற டி.டி.எஸ். மீட்டர் அந்த இரண்டையும் தனியாகக் காட்டாது.