தடைக்காலத்தில் மீன் திருவிழாவா?

ஏப்ரல் 15 வந்தால் தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை கடலுக்குப் போகக்கூடாது. 2001-ல் 45 நாளாக ஆரம்பித்த தடை, 2017-ல் இருந்து 61 நாள். மீன் முட்டையிடும் காலம், கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்பது காரணம். நல்ல காரணம்தான், அதில் சண்டை இல்லை.

சண்டை வேறு. சரியாக அதே நாட்களில்தான் ஈசிஆர் ரிசார்ட்டுகளுக்குக் கோடை சீசன். மகாபலிபுரம், மரக்காணம், புதுச்சேரி என்று நீளும் அந்த ரோட்டில் எங்காவது ஒரு "சீ ஃபுட் ஃபெஸ்டிவல்" பேனர் தொங்கும். தட்டில் வஞ்சிரம். எதிரே தெரிகிற கடலில் பிடித்தது என்று நினைத்து ரசித்துச் சாப்பிடுகிறார் சென்னையில் இருந்து வந்தவர். பாவம்! மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்கும். அதனால் மே மாதத்து வஞ்சிரம் கேரளாவில் இருந்தோ மங்களூரில் இருந்தோ ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்ததாக இருக்கலாம். கடல் காற்று மட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு :-)

"அங்கே வாங்கி இங்கே விற்பது வியாபாரம்தானே?" என்பார்கள். வியாபாரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் இந்தக் கடலைக் காட்டி விலை வைக்கிறவர்கள், இந்தக் கடல் இப்போது மூடியிருக்கிறது என்று மெனுவில் ஒரு வரி போடலாமே!

விசைப்படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனில் பங்கு. படகு நின்றால் பங்கும் நின்றது. தடைக்கால நிவாரணத்தை 5000 ரூபாயில் இருந்து 8000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 8000-ஐ 61-ஆல் வகுத்துப் பாருங்கள் மக்களே. குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். திருவிழா பஃபேயில் அதற்கு ஒரு சூப் வருமா?

இத்தனைக்கும் அந்த 61 நாளும் இங்கே மீனே இல்லை என்பது கிடையாது. நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லை. நெத்திலி, மத்தி, சங்கரா என்று கிடைப்பதைப் பிடித்து வருகிறார்கள். காலையில் கரைக்கு வந்து மதியம் குழம்பாகிற மீன். விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் அதைத்தான் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார்கள். ரிசார்ட் மெனுவுக்கு மட்டும் அது கௌரவக் குறைச்சல். பழத்திலும் இதே கதைதான். மரக்காணம் ரோட்டோரம் தர்பூசணி மலையாகக் குவிந்திருக்கும், உள்ளே பஃபேயில் கிவி!

நெதர்லாந்தில் யெர்செக்கெ என்று ஒரு கடலோர ஊர். அங்கே சிப்பித் திருவிழா ஆகஸ்டில், சிப்பி சீசனில் நடக்கிறது. இங்கேயும் ஜூன் 15-க்கு மேல், படகுகள் போய்த் திரும்பிய பிறகு வைக்கட்டும். பள்ளிக்கூடம் திறந்துவிடும், கூட்டம் வராது என்பதுதான் பதில் என்றால், "கோடை விடுமுறை பஃபே" என்று பேனர் அடிக்கட்டும். அதில் படகுப் படம் வேண்டாம்.