சட்டை அவர்களது, வியர்வை நம்முடையது

கொட்டாம்பட்டியில் விடியற்காலைப் பஸ் பிடித்து மதுரைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சீருடைக்காரர் பலர். ஓட்டல், ஜவுளிக்கடை, கேளிக்கைப் பூங்கா, எங்கும் சட்டை கம்பெனியின் சட்டை. சோப்புச் செலவு யாருடையது என்று நாம் கேட்கிறோம்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று சிரிப்பாருண்டு. அமெரிக்காவில், ஆர்லாண்டோ நகரையடுத்த டிஸ்னி உலகத்தில் நடந்ததைக் கேளுங்கள். எலி வேஷமும் வாத்து வேஷமும் கட்டிக் குழந்தைகளைச் சிரிக்க வைத்த தொழிலாளர், ஒருவர் கழற்றிய உள்ளாடையை மறுநாள் இன்னொருவர் மாட்ட வேண்டியிருந்தது! சரியாகத் துவைப்பதில்லை, பேனும் சொறியும் தொற்றுகின்றன என்று முறையிட்டனர். 2001-இல் டீம்ஸ்டர்ஸ் சங்கம் பேசிய பிறகே ஆளுக்குத் தனி உள்ளாடை கிடைத்தது. கோடி கோடியாய்க் குவிக்கும் கம்பெனியிடம் ஜட்டிக்கு ஒப்பந்தம், தோழர்களே! அதையும் வீட்டில் தாமே துவைத்துக்கொள்ள வேண்டுமாம். கலிபோர்னியா டிஸ்னிலாந்தின் வேஷக்காரர்களோ 2024-இல்தான் வாக்களித்துச் சங்கம் கண்டனர்.

இங்கே? 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குள் கேளிக்கை இடங்களும் அடக்கம். ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் அதில் திருத்தமும் வந்தது. இராட்டினத்தருகே கால்கடுக்க நிற்கும் பையனுக்கு இதை யார் சொன்னார்கள்? தனியாகக் கேட்டால் நாளை வேலை இராது என்று அஞ்சுகிறான். அஞ்சாமல் என்ன செய்வான்? நம் கிளைத் தோழர்கள் இந்த வாரமே அந்தப் பஸ்ஸில் ஏறட்டும். சீருடைக்காரர் பெயர்களை எழுதி வரட்டும்.