பாலாற்றங்கரைக்கு ஒரு ரிப்பீட்டர் வேண்டும்

பாலாறு என்றாலே மணல் என்று பழகிப்போன ஊர்களை 2021 நவம்பரில் வெள்ளம் சூழ்ந்தது. அந்த மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் மழைக்கு வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நாளில் மின்சாரம் நின்றுவிட்டால் செல்போன் கோபுரங்கள் பேட்டரி தீரும்வரைதான் உயிரோடிருக்கும். அதற்குப் பிறகும் பேசக்கூடியது ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியின் ரிப்பீட்டர். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பேரிடர்த் திட்டத்தில் அதற்கு நிலையான இடம் தர வேண்டும்.

கையடக்க 5 வாட் கருவியின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆம்பூரிலிருந்து அது தொலைவு எட்டாது. சுமார் 1,100 மீட்டர் உயர ஏலகிரியில் ரிப்பீட்டர் இருந்தால், கீழிருந்து வரும் குரலை வாங்கி, அக்கணமே வலுவாகத் திருப்பி அனுப்பும்.

ஆனால் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் நடக்காது. பக்கத்திலேயே முழங்கும் தன் டிரான்ஸ்மிட்டரால் ரிசீவரின் காது அடைத்துப்போகும். அதனால் இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளிதான் ஆஃப்செட். இந்திய ஹாம்களுக்கு உரிய 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அது வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். ரிப்பீட்டர் 145.700இல் பேசினால் 145.100இல் கேட்கும், கையிலிருக்கும் கருவி இதற்கு நேர்மாறாக இயங்க வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே ஆன்டெனா போதும்படி செய்வது டியூப்ளெக்சர் என்னும் வடிகட்டி.

இந்த எண்ணில் அசட்டை கூடாது. ஹாம்களின் இன்னொரு பட்டையான 70 சென்டிமீட்டரில் அமெரிக்க ஆஃப்செட் வழக்கம் 5 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் அந்தப் பட்டை 434 முதல் 438 வரைதான். மொத்த அகலமே 4. வெளிநாட்டு அமைப்பை அப்படியே வைத்து 437இலிருந்து 5ஐக் கழித்தால், அனுமதியில்லாத 432இல் போய் நிற்போம். ரிப்பீட்டர் அங்கே கேட்டுக்கொண்டிருக்காது. வெள்ளத்தின் நடுவே உதவி கேட்பவருக்கு அது வெறும் மௌனம்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத்தின் குழு, தீவுகளின் நிலையை ஹாம் வானொலி வழியே வெளியுலகுக்குச் சொன்னது. அவர்கள் பயன்படுத்தியது ரிப்பீட்டர் அல்ல, சிற்றலை. ஆனாலும் கருவியும் உரிமமும் பயிற்சியும் அலை வருவதற்கு முன்பே போர்ட் பிளேயரில் தயாராக இருந்தன. இங்கேயும் அந்த முன்னேற்பாடுதான் தேவை.

ஏலகிரியின் வீச்சு மலை மறைப்பால் ஆற்காட்டுக்குக் குறையலாம். அப்பக்கத்துக்கு இரத்தினகிரி போன்ற குன்றில், வேறு அலைவரிசை இணையுடன் இன்னொன்று வேண்டும். இரண்டுக்கும் சூரியமின் பலகையும் பேட்டரியும் வேண்டும். கருவியை இயக்குவோருக்கான உரிமத் தேர்வை 12 வயதிலேயே எழுதலாம். தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. பாலிடெக்னிக் மாணவர்களும் தோல் தொழிற்சாலைகளின் பாதுகாப்பு ஊழியர்களும் இதற்குப் பொருத்தமானவர்கள். ரிப்பீட்டரின் அலைவரிசையும் ஆஃப்செட்டும் அதைத் திறக்க அனுப்ப வேண்டிய தொனியும் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் எழுதி ஒட்டப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பரிலேயே மின்சாரத்தையும் செல்போனையும் ஒதுக்கிவைத்து, ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரை ஒருநாள் ஒத்திகை நடத்த மூன்று ஆட்சியர்களும் முன்வர வேண்டும்.