தூரத்துக் கோப்பும் பக்கத்துப் பிரதியும்

கோடம்பாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி மென்பொருள் எழுதுகிறவர். வீட்டிலிருந்தே வேலை. அவர் திருத்த வேண்டிய கோப்புகள் மட்டும் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கும் சர்வரில் கிடக்கின்றன. போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: “சார், 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். படம் பார்த்தா நிக்காம ஓடுது. சர்வர்ல பத்து வரி ஃபைலைத் திறந்தா மட்டும் பத்து செகண்ட் ஆகுது. 500க்கு மாறிடவா?”

மாற வேண்டாம் என்றேன். வீட்டிலிருந்து வெளிநாட்டு சர்வரில் வேலை பார்க்கும் எத்தனையோ பிள்ளைகளின் நேரம் இப்படித்தான் போகிறது. அதனால் காரணத்தை இந்த வாரம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து வர்ஜீனியா நேர்க்கோட்டில் 13,000 கி.மீட்டருக்கு மேல். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 26,000 கி.மீ. எந்த பிளான் போட்டாலும் இது 130 மில்லி விநாடிக்குக் கீழே வராது. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதுமில்லை. நடைமுறையில் 200ஐத் தாண்டிவிடும். எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்ற கணக்கு. போய்த் திரும்பும் நேரம் வேறு கணக்கு. அதைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது. பயணங்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கலாம்.

அந்த எண்ணிக்கை எப்படி ஏறுகிறது? தம்பி வேலை செய்வது ஈமேக்ஸ் எடிட்டரில். தூரத்துக் கோப்பைப் பக்கத்தில் இருப்பதுபோலத் திறந்து தருவது அதிலுள்ள டிராம்ப் என்ற பகுதி. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் முதலில் விசாரணை நடக்கும். இப்படி ஒரு கோப்பு உண்டா? எழுத அனுமதி உண்டா? இது கோப்புதானா, ஃபோல்டரா? அடுத்து, கோப்பில் நடந்த மாற்றங்களைக் கண்காணிக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் பகுதி வரும். ஆர்சிஎஸ், சிவிஎஸ், சப்வெர்ஷன், கிட், மெர்க்குரியல் என ஒவ்வொரு கருவியின் அடையாளத்தையும் தேடும். சிலவற்றுக்கு அந்த ஃபோல்டரோடு நின்றுவிடும். கிட் போன்றவற்றுக்கு ஒவ்வொரு படியாக மேலேறித் தேடும். ஐம்பது கேள்வி சேர்ந்தால் 200 மில்லி விநாடி வீதம் பத்து விநாடி போயிற்று. அதில் கோப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் சொற்பம்.

கிட்டுக்கும் இதே பாடுதான். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட், ஒவ்வொரு கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் இண்டெக்ஸ் என்ற பட்டியலில் குறித்து வைக்கிறது. என்ன மாறியது என்று கேட்டால் கோப்புகளை முழுதாகப் படிப்பதில்லை. குறிப்பை மட்டும் ஒப்பிடுகிறது. நம் கணினியின் வட்டில் இது கண் இமைக்கும் நேரம். சர்வரின் ஃபோல்டரை எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியே நம் கணினியில் மாட்டிக்கொண்டு கேட்டால், கோப்புக்கு ஒரு பயணம் ஆகலாம். 5,000 கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 1,000 விநாடி, அதாவது கால் மணி நேரத்துக்கு மேல். பல கேள்விகளை ஒரே சமயத்தில் அனுப்பும் ஏற்பாடு கிட்டில் உண்டு. அதனால் நேரம் குறையும், சிக்கல் தீராது. அதே கட்டளையை சர்வரிலேயே ஓட்டிப் பதிலை மட்டும் வாங்கினால் ஓரிரு பயணத்தில் முடிந்துவிடும். 2019இல் விஷுவல் ஸ்டுடியோ கோடு கொண்டுவந்த ரிமோட் வசதியும் இதைத்தான் செய்கிறது: எடிட்டரின் பாதியை சர்வரிலேயே கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

இன்னொரு வழி கேஷ்: ஒருமுறை கேட்ட பதிலை நினைவில் வைத்துக்கொள்வது. டிராம்ப் இதைச் செய்கிறது, ஆனால் எச்சரிக்கையோடு. அதன் அமைப்பில் நாம் எதையும் மாற்றாவிட்டால், 10 விநாடிக்கு மேற்பட்ட பழைய பதிலை அது நம்பாது. இந்த அளவைக் கூட்டலாம், வரம்பே இல்லாமலும் ஆக்கலாம். அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் கோப்பில் என்னைத் தவிர வேறு யார் கைவைப்பார்கள்? ஒருவரும் இல்லையென்றால் நினைவை நம்பலாம். நாலு பேர் புழங்கும் சர்வரில் கூடாது. சக ஊழியர் அதே ஃபோல்டரில் வேறு பிராஞ்சுக்கு மாறியிருப்பார். எடிட்டரோ பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, இல்லாத கோப்பை இருப்பதாகச் சொல்லும். வேகத்துக்காக உண்மையை விட்டுக்கொடுத்த கதையாகிவிடும்.

வேகத்தையும் உண்மையையும் சேர்த்துக் காப்பாற்றும் முறை எங்கள் சினிமாப் பேட்டைக்குப் பழக்கமானது. ஃபிலிம் காலத்தில் படத்தொகுப்பாளர் மூவியோலா என்ற இயந்திரத்தில் வெட்டி ஒட்டியது நெகட்டிவை அல்ல, அதிலிருந்து எடுத்த ரஷ் பிரின்ட்டை. எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டலாம், கீறல் விழுந்தாலும் பாதகமில்லை. நெகட்டிவ் பத்திரமாக லேபில் இருக்கும். இரண்டையும் இணைத்தது ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் எட்ஜ் நம்பர். 35 எம்எம் ஃபிலிமில் அடிக்கு ஓர் எண். ஓர் அடிக்கு 16 ஃபிரேம். தொகுப்பு முடிவானதும் நெகட்டிவ் கட்டர் அந்த எண்களைப் பார்த்து நெகட்டிவை வெட்டுவார். கைக்கு எட்டும் பிரதியில் வேலை, மூலத்துக்குப் பாதுகாப்பு, நடுவில் தவறாத ஓர் எண்.

கிட் செய்வதும் இதுவே. குளோன் செய்தால் மொத்த வரலாறும் நம் கணினிக்கு வந்துவிடுகிறது. கமிட் என்று பதிந்து வைக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஓர் எண் உண்டு. இன்று பெரும்பாலும் 40 எழுத்து நீளம். பிரதி பழையதா புதியதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணை ஒப்பிட்டால் போதும். கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையும் கடல் தாண்டிப் போய்த் திறப்பது அதன் பெரும்பலனை இழப்பதாகும்.

எனவே தம்பிக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். முடிந்தவரை குளோன் எடுத்து உங்கள் கணினியில் திருத்துங்கள். சர்வருக்கு கமிட்டாக அனுப்புங்கள். சர்வரில்தான் திருத்தியாக வேண்டுமென்றால், வெர்ஷன் கன்ட்ரோல் தேடலை கிட்டோடு நிறுத்துங்கள். எஸ்எஸ்எச் இணைப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்காமல், திறந்ததையே மறுபடி பயன்படுத்தும்படி அமையுங்கள். கேஷின் ஆயுளை அந்த சர்வரில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

குழுவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஃபோல்டரில் நாலு பேரைத் திருத்தவிடாதீர்கள். ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். உங்கள் பிள்ளைகள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று முடிவுகட்டும் முன், ஒரு கோப்பைத் திறக்க எத்தனை முறை கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.