விளையாட்டுப் பக்கத்தில் போர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு



ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி மாற்றவேண்டும், என்றாலும் ஒன்றும் விடவில்லை.

அது கம்பஸ் பிள்ளைகள் நடத்தும் பத்திரிகையில் ஒரு பக்கம். (1979இலேயே தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் கம்பஸ்தான்.) எழுதியவன் என்னிடம் ஆறாம் வகுப்பில் தமிழ் படித்தவன். துரையப்பா விளையாட்டரங்கைப் பற்றி எழுதியிருக்கிறான். 2016இல் புதுப்பித்துத் திறந்த அதே இடத்தில்தான் 1999இல் மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வந்தன. அதைத் தெரிந்துகொண்டு கைதட்டுவோம் என்கிறான். விளையாடாதீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

அதற்கு எத்தனை பேச்சு! "படிக்கிற வேலையைப் பார்க்கட்டும்." "விளையாட்டுக்குள்ள ஏன் சண்டையை இழுக்கினம்?" 1904இல் தொடங்கிய எங்கள் பெரிய கிறிக்கெற் போட்டிக்குப் பெயரே வடக்கின் பெருஞ்சமர். அந்தச் சமரின் படங்களை வருடாவருடம் பகிர்பவர்களும் நீங்கள்தான்.

2021 ஜனவரியில் வளாகத்துக்குள் இருந்த நினைவுத்தூபியை இரவில் இடித்தார்கள். பிள்ளைகள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது அவர்களை வீரர்கள் என்று எழுதினீர்கள். ஒருவரும் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது ஒரு பிள்ளை சத்தமில்லாமல் அரைப்பக்கம் எழுதினால் படிப்பு ஞாபகம் வருகிறது.

2020இல் யாழ்ப்பாணத்தின் பெயரைக் கொண்ட அணி லங்கா பிரீமியர் லீக்கில் கிண்ணம் வென்றது. எனக்கும் சந்தோசம்தான், வியாஸ்காந்த் பந்து வீசியதைப் பார்த்துக் கண்ணீர் வந்தது. ஆனால் அந்த வருடம் அத்தனை ஆட்டமும் அம்பாந்தோட்டையில். கொரோனாக் காலம், சரி. இங்கே ஏன் அப்படியொரு மைதானம் இல்லை என்று அந்தப் பையன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு உங்களில் ஒருவராவது பதில் எழுதினீர்களா?

அந்தப் பத்திரிகை முழுக்க நல்லது என்று சொல்லமாட்டேன். பண்பாட்டுப் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. போருக்குப் பிறகு பண்பாடு கெட்டுவிட்டதாம், ஆதாரம் பெண்பிள்ளைகளின் உடுப்பாம். புருசன் இல்லாமல் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய்ப் பிள்ளையைக் கம்பஸ் அனுப்பிய தாய்மாரை எனக்குத் தெரியும். அது பண்பாட்டில் சேராதா? நான் வலைப்பந்துக் குழு வைத்திருந்த காலத்தில், அந்த உடுப்புக்காகவே பிள்ளையை நிறுத்திய தகப்பன்மாரிடம் வீடுவீடாகப் போய்க் கெஞ்சினேன். 2018இல் தர்ஜினி விளையாடிய இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, அந்தத் தகப்பன்மாரில் ஒருவரே எனக்குத் தொலைபேசி எடுத்துப் பெருமைப்பட்டார். இதை எழுதியவனையும் கூப்பிட்டுப் பேசத்தான் போகிறேன்.

கடைசியாக, ரொறொன்ரோவில் இருந்து "சண்டையை இழுக்காதேங்கோ ரீச்சர்" என்று எழுதிய தம்பிக்கு. பெயர் சொல்லவில்லை, உனக்குத் தெரியும்.

1992 உலகக் கிண்ணம் நடந்தபோது கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். உன் அண்ணன்மார் சுற்றினார்கள், நீ சின்னப்பிள்ளை, ஓட்டத்தை எண்ணிச் சுவரில் கரியால் எழுதினாய். 1995 ஒக்ரோபர் 30, அந்த மழை இரவில் நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்துவைக்க இடமில்லாத சனம். உன் அம்மாவின் தலையில் அரிசிப் பை. உன் கையில் கிறிக்கெற் பற். "அதை எறிந்துவிட்டு அம்மாவின் பையை வாங்கு" என்று நான்தான் ஏசினேன். நீ எறியவில்லை. பையையும் வாங்கினாய், பற்றையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாய்.

அன்று விளையாட்டுக்குள் சண்டையை இழுத்தது யார், தம்பி? அந்தப் பற் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுது. கம்பஸ் பையனுக்கு அனுப்புகிறேன், அடுத்த இதழுக்கு ஆகும். அவனுடைய கட்டுரையில் ஐந்து எழுத்துப்பிழை, இரண்டு சந்திப்பிழை. சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.